நாலு கோடு ஈரம்

கழுத்து வலி பின்மண்டையில் தொடங்கி வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணுக்குள் யாரோ ஒரு பிடி மணலைக் கொட்டிவிட்டு, இமையால் அரை என்று சொல்லிப் போனதுபோல் இருந்தது. ஏணிக்கு நாற்பத்திரண்டு படி. முப்பதாவது படியில் நின்று, கம்பியைக் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கினார். வயசாச்சு, முட்டி வலிக்குது போல என்று கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டால் நல்லது. உண்மையில் அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

ஆலையில் அவருக்குப் பருந்து என்று பேர். இரும்பு உருக்கி வார்க்கிற ஆலை அது. கூரைக்குக் கீழே இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன், அதன் அடிவயிற்றில் தொங்குகிற கண்ணாடிக் கேபின், அதற்குள் அவர். இருபத்தாறு வருஷம். அவ்வளவு உயரத்திலிருந்து, தரையில் கிடக்கிற ஒரு போல்ட்டைக் கண்டுபிடித்து, எவனாவது வழுக்கி விழறதுக்குள்ள அதைப் பொறுக்கிப் போடுங்கடா என்று கத்தினவர். பேர் அப்படி வந்தது. இப்போது அந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் காதில் குத்தியது.

கேபினுக்கு நேர் கீழே உலை. வெக்கை எல்லாம் மேலேதான் ஏறும். முகத்துக்கு எதிரே ஒரு சின்ன விசிறி மாட்டியிருந்தார்கள். விசிறி இல்லையென்றால் ஆள் வெந்துபோவார். விசிறி ஓடினால் கண் காய்ந்துபோகும். எட்டு மணி நேரம் கீழேயே வெறித்துப் பார்க்கிற வேலையில் இமை கொட்டவும் மறந்துபோகும். இத்தனைக்கும் மேல், ஒரு வருஷமாகக் கண்ணாடிக்கு வெளியே யாரோ வெள்ளைத் துணி கட்டிவிட்டதுபோல் எல்லாம் மங்கிக்கொண்டே வந்தது. கேபின் கண்ணாடியை எத்தனை தடவை துடைத்தும் துணி போகவில்லை.

கீழே சங்கிலி மாட்டி, கொக்கி கோத்து, சைகை காட்டுகிறவன் அவர் மனைவியின் தம்பி. பதினைந்து வருஷமாக இவர் மேலே, அவன் கீழே. உள்ளங்கை தரையைப் பார்த்தால் இறக்கு. விரல் மேல்நோக்கிச் சுழன்றால் தூக்கு. மடக்கின முஷ்டி என்றால் நில். கிரேன் வேலையில் வாய்க்கு மதிப்பில்லை, கைக்குத்தான்.

மச்சினன்தான் முதலில் மோப்பம் பிடித்தான். அவன் நில் என்று காட்டிய பிறகும் சுமை ஒரு சாண் இறங்கி நின்றது. ஒரு நாள் விட்டான், இரண்டாம் நாள் விட்டான். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், ஆள் இல்லாத மண் குவியலுக்குப் பின்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்தடி தள்ளி நின்று கையை நீட்டினான்.

“மாமா, எத்தன விரல்?”

“மூணு.”

மச்சினன் கையை அப்படியே வைத்துக்கொண்டு கிட்டே வந்து காட்டினான். முஷ்டி.

அவன் சிரிக்கவும் இல்லை, அக்காவிடம் சொல்கிறேன் என்று மிரட்டவும் இல்லை. மறுநாள் கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். சத்தத்தில் ஆட்கள் ஒதுங்க மாட்டேன் என்கிறார்கள், அதனால்தான் என்று ஃபோர்மேனிடம் ஒரு கதை விட்டான். நீளமாக ஒன்று ஊதினால் நில். குட்டையாக இரண்டு, இறக்கு. குட்டையாக மூன்று, தூக்கு. கையும் ஒப்புக்கு ஆடும், ஆனால் வேலையை நடத்தியது விசில்தான். எட்டு மாதம் இப்படி ஓடியது. ரயில் எத்தன மணிக்குப்பா கிளம்புது என்று கேட்காத ஆள் இல்லை. ஒரு சாணை பிடிக்கிறவன் தினமும் கொடி காட்டுகிற மாதிரி துண்டை ஆட்டுவான். மச்சினன் அவனுக்கும் ஒரு விசில் ஊதி வழியனுப்புவான்.

இந்தச் சமயத்தில்தான் ஃபோர்மேன் எல்லாரையும் கூப்பிட்டு, நாலு மாதத்தில் கிரேன் ஆட்களுக்குக் கண் பரிசோதனை, தேறாதவர்களுக்கு முற்றத்தில் வேலை என்று சொன்னார். முற்றத்து வேலை என்றால் துடைப்பம். போன தடவை தேறாத ஒருவர் இன்னமும் அங்கே இரும்புத்தூளைப் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேலி செய்வதுகூட இல்லை. பருந்துக்கு அதுதான் பயமாக இருந்தது.

மனைவி ஒரு சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவள். ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கூட்டம். மரப்பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் உள்ளே போனார்கள். கண்புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது, இடதில் பாதி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்கள். அறுத்து எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தால் சரியாகிவிடும். பருந்துக்கு நிம்மதி. நாளைக்கே வைத்துவிடலாம் என்று நினைத்தார்.

அளவு எடுக்கிற அறையில்தான் சிக்கல். மெஷின் முன்னால் தாடையை வைக்கச் சொன்ன பெண் ஒரு தடவை அளந்தாள். முகம் சுளித்து இன்னொரு தடவை அளந்தாள். மூன்றாவது தடவையும் அளந்துவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். மூன்றும் மூன்று விதமாக இருந்தது. டாக்டரம்மா வந்து, கீழ் இமையை இழுத்து, கோடு கோடாகப் போட்ட ஒரு காகிதப் பட்டையின் நுனியை உள்ளே செருகிக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஐந்து நிமிஷம். எடுத்துப் பார்த்தபோது நாலு கோடு வரைக்கும்தான் நனைந்திருந்தது. பத்துக்கு மேல் நனைந்திருக்க வேண்டுமாம்.

“இப்ப ஆபரேஷன் கிடையாது. கண்ணு காய்ஞ்சு கிடக்கு.”

“காய்ஞ்சு கிடக்கா? நாள் பூரா தண்ணியா கொட்டுதும்மா.”

“அதனாலதான் சொல்றேன். எரிச்சல் தாங்காம கண்ணு ஊத்துது, அது நிக்காம வழிஞ்சு போயிடும். கண்ணு மேல படிஞ்சு நிக்கற ஈரம் வேற. அதுக்கு எண்ணெய்ப் பசை வேணும். உங்க இமை ஓரத்துல அந்த எண்ணெய் வர்ற ஓட்டை எல்லாம் அடைச்சுக் கிடக்கு.”

பருந்து கொஞ்சம் யோசித்தார். “கிரீஸ் இல்லாம ஓடற பேரிங்னு சொல்லுங்க.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதேதான் என்றார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு விளக்கினார். உள்ளே வைக்கிற லென்சுக்கு ஆளுக்கு ஆள் ஓர் அளவு உண்டு. கண்ணின் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் அந்த அளவைக் கணக்குப் போட வேண்டும். முன்பக்கம் காய்ந்து சொரசொரவென்று இருந்தால் மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்லும். தப்பான லென்ஸை வைத்துவிட்டால் புரையை எடுத்தும் மங்கல்தான் மிச்சம். அறுத்த பிறகு கண் காய்வது இன்னும் அதிகமாகும், கொஞ்ச மாசத்துக்கு. அதனால் முதலில் கண்ணை நனைக்க வேண்டும், மூன்று வாரம். ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு. காலையும் மாலையும் வெந்நீரில் பிழிந்த துணியைப் பத்து நிமிஷம் மூடின இமைமேல் வைத்து, பிறகு இமை ஓரத்தை மெதுவாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும். படுக்கப் போகும்போது களிம்பு. விசிறி முகத்தில் அடிக்கக்கூடாது. இமை கொட்ட வேண்டும். அளவெடுக்க வரும் அன்று காலையில் வெக்கையில் நின்றுவிட்டு வரக்கூடாது.

வெளியே வந்ததும் பருந்து முணுமுணுத்தார். புரையை எடுக்க வந்தா தண்ணி ஊத்தி அனுப்பறாங்க. மனைவி, ஊத்தறதை ஊத்துங்க, வாய மூடுங்க என்று மருந்துச் சீட்டைப் பறித்துக்கொண்டாள்.

அந்த மூன்று வாரம் வீட்டில் அவள் ராஜ்யம். விடிந்ததும் அடுப்பில் வெந்நீர். நாற்காலியில் அவரை மல்லாத்தி, துணியை இமைமேல் வைத்து, எழுந்திருக்காதபடி நெற்றியில் ஒரு கையை ஊன்றிக்கொள்வாள். ஆலையில் மச்சினன் பொறுப்பு. ஆறு தடவையில் மூன்று தடவை ஷிஃப்ட் நேரத்தில் வரும். மேலே இருப்பவருக்கு மணி தெரியாது, தெரிந்தாலும் மறந்துபோகும். அதற்கும் அவன் ஒரு விசில் கண்டுபிடித்தான். கொக்கி வெறுமனே தொங்குகிற நேரம் பார்த்து, நீட்டி, வளைத்து, கடைசியில் மேலே ஏற்றி விடுகிற ஊதல். கேட்டதும் பருந்து நெம்புகோலிலிருந்து கையை எடுத்து, விசிறியைத் திருப்பிவிட்டு, அண்ணாந்து இரண்டு சொட்டு விட்டுக்கொள்வார். கண்ணை மூடி அறுபது வரை எண்ணுவார். அந்த ஒரு நிமிஷம் ஆலை மொத்தமும் அவருக்காக நிற்பதுபோல் இருக்கும். கீழே மச்சினன் சாணை பிடிக்கிறவனிடம், மாமா மேல தூங்கறாரு, சத்தம் போடாதீங்கப்பா என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

மூன்று வாரம் கழித்துப் பட்டையில் ஒன்பது கோடு நனைந்தது. பத்துக்கு ஒன்று குறைச்சல்தான், ஆனாலும் மெஷினில் மூன்று தடவையும் ஒரே எண் வந்தது. அளவெடுத்த பெண் அந்தக் காகிதத்தைப் பரிசு மாதிரி நீட்டினாள். அடுத்த வாரம் வலது கண்ணை அறுத்தார்கள். இருபது நிமிஷம். மறுநாள் கட்டைப் பிரித்தபோது முதலில் தெரிந்தது சுவரில் இருந்த ஒரு விரிசல். அடுத்தது மனைவியின் காதோர நரை. எப்ப இவ்வளவு வந்துச்சு என்று கேட்டார். உங்களுக்குத் தெரியாதப்போ வந்துச்சு என்றாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு போடுகிற மருந்தை ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டார். அது வெள்ளையாக, கலக்கிப் போட வேண்டிய மருந்து. கசப்பு தொண்டை வரைக்கும் வரும். மருந்து என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அது முடிந்ததும் பழைய சொட்டை மட்டும் குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும், இடது கண்ணுக்கு அளவெடுக்கிறவரை விடவே கூடாது, வெக்கை வேலைக்குப் போனால் கட்டாயம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மனைவி புதுக் குப்பி ஒன்று வாங்கி ஜன்னலோரம் வைத்தாள். பருந்துக்கு அதைப் பார்த்தால் இளக்காரம். தண்ணீர் மாதிரி இருந்தது. நிறம் இல்லை, கசப்பு இல்லை. போல்ட்டு தெரிகிற கண்ணுக்குத் தண்ணி எதுக்கு என்று நினைத்தார். போட்டீங்களா என்று அவள் கேட்டால் போட்டேன் என்பார். துணியும் நின்றது. அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை முறை மாறி, அவர் எழுவதற்குள் அவள் கிளம்ப வேண்டியிருந்தது.

கண் பரிசோதனை நாளில் ஆலை மருத்துவ அறையில் ஆறு மீட்டர் தள்ளி நின்று பலகையின் கடைசி வரி வரைக்கும் படித்தார். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துத்தான் படிக்கச் சொன்னார்கள், வலது கண்ணே போதுமாக இருந்தது. கேபின் அவருடையதுதான் என்று காகிதத்தில் கையெழுத்து விழுந்தது. அன்றைக்கு அவர் ஏணியில் நிற்காமல் ஏறினார்.

மறுநாள் ஷிஃப்ட் தொடங்குமுன் சாணை பிடிக்கிறவன் வழக்கம்போல் துண்டை ஆட்டி, ரயில் வந்துடுச்சு, எல்லாரும் ஏறுங்க என்றான். நாலு பேர் சிரித்தார்கள். எட்டு மாதமாகச் சிரித்ததுதான். ஆனால் அன்றைக்குப் பருந்துக்குப் பொறுக்கவில்லை. மச்சினன் பக்கம் திரும்பினார்.

“அதைக் கழட்டு.”

“எதை மாமா?”

“விசிலை. நான் என்ன குருடனா? கையைக் காட்டு, போதும்.”

மச்சினன் நாலு பேரையும் பார்த்தான், அவரையும் பார்த்தான். சொட்டு மருந்து நேரத்துக்கு மட்டுமாவது இருக்கட்டுமே என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அதெல்லாம் முடிஞ்சு போச்சு என்றார். வேறென்ன சொல்வது. அவன் கயிற்றைத் தலைக்கு மேல் எடுத்து, விசிலைச் சட்டையில் துடைத்து, தூணில் இருந்த ஓர் ஆணியில் மாட்டினான். கன்னம் ஓய்வெடுக்கட்டும், ஊதி ஊதி பலூன் ஆயிடுச்சு என்று சொல்லி அவனும் சிரிப்பில் சேர்ந்துகொண்டான்.

பதினோரு நாள் நன்றாகத்தான் போனது. காலையில் எல்லாம் துல்லியம். பிற்பகலில்தான், உலையைத் திறந்து ஊற்றி முடிக்கிற நேரத்தில், கண் கரகரக்கும், பார்வை எண்ணெய்க் காகிதம் வழியாகத் தெரிவதுபோல் ஆகும். இமையை இரண்டு தடவை இறுக்கி மூடித் திறந்தால் தெளிந்துவிடும். அதுவும் ஒரு நிமிஷத்துக்குத்தான், மறுபடியும் படியும். புது லென்ஸ், பழகணும் போல என்று நினைத்துக்கொண்டார். டாக்டரம்மா சொன்னது நினைவில் இருந்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டே வேறு விதமாக நினைத்தார்.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல். வார்ப்பு ஒன்றை மரக்கட்டைகள்மேல் இறக்க வேண்டும், மாட்டுவண்டி அளவு இருக்கும், அதைவிடப் பல மடங்கு கனம். ஒரு சாண் உயரம் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு கட்டை கோணலாகக் கிடந்தது. மச்சினன் குனிந்து இடது கையால் அதைத் தள்ளினான். வலது கையை மேலே உயர்த்தி முஷ்டி பிடித்தான். விதிப்படி சுமைக்கு அடியில் கையை விடக்கூடாது, கம்பியால் தள்ள வேண்டும். பதினைந்து வருஷமாகக் கையால்தான் தள்ளினான், மேலே இருப்பவரை நம்பி. எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

விசிறி முகத்தில் அடித்தது. வலது கண்ணில் எண்ணெய்க் காகிதம் படிந்தது. இடது கண்ணில் எப்போதும் இருக்கிற வெள்ளைத் துணி. கீழே ஒரு கை உயர்ந்திருப்பது தெரிந்தது. அது மூடியிருக்கிறதா, விரிந்திருக்கிறதா என்பது தெரியவில்லை. இமை கொட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அரை நொடி வேலை. அவர் கொட்டவில்லை. இறக்கு என்றுதான் இருக்கும் என்று நெம்புகோலை அழுத்தினார்.

அவ்வளவு உயரத்துக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆட்கள் ஓடுவது தெரிந்தது. கீழே யாரோ இரண்டு கையாலும் மேலே தூக்கச் சொல்லி ஆட்டினான். அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. தூக்கினார். பிறகு கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது அழுகையா, கண் காய்ந்த எரிச்சலா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

மச்சினனின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன. மிச்சத்தைத் தைத்துக் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் ஃபோர்மேன் அறையில் விசாரணை. மச்சினன் கட்டுப்போட்ட கையைக் கழுத்தோடு தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றான். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. பருந்து சுவரோரம் நின்றார். என்ன சைகை காட்டினாய் என்று ஃபோர்மேன் கேட்டார். மச்சினன் பருந்தைப் பார்க்கவே இல்லை.

“இறக்குன்னுதான் சார் காட்டினேன். அப்புறமா கட்டை கோணலா இருந்ததைப் பார்த்து கையை விட்டுட்டேன். என் தப்புதான்.”

ஃபோர்மேன் பருந்திடம், அப்படித்தானா என்று கேட்டார். பருந்து தலையை ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும்தான் ஆட்டினார். பிறகு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் இந்த வித்தியாசத்தை ஒரு சமாதானமாகச் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னே என்று வாசலில் கேட்டார். மச்சினன் அதற்கு முன்பே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். உங்களுக்குத் தெரியலைன்னு சொன்னா, எப்பத்திலிருந்து தெரியலைன்னு கேப்பாங்க. தூண்ல விசில் தொங்குது. அதை எதுக்கு எட்டு மாசம் ஊதினேன்னு கேப்பாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஏமாத்தினோம்னு ரெண்டு பேரையும் வெளிய தள்ளுவாங்க. இப்ப ஒருத்தன் மட்டும்தான். இதைச் சொல்லிவிட்டு, நீங்க பேசாம இருங்க மாமா, இருந்துதானே பழக்கம் என்று முடித்தான். அவன் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

விதியை மீறிக் கையை விட்டதால் ஆலை தரவேண்டிய இழப்பீடு அவனுக்குக் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். மூன்று விரலோடு சங்கிலி மாட்ட முடியாது. கையில் புண் ஆறியதும் முற்றத்துக்கு வரச் சொன்னார்கள்.

மனைவி தம்பியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று மாலை, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் போனாள். குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேசையில் அவர் முன்னால் வைத்தாள். மூடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையம் அப்படியே இருந்தது. உடைபடவே இல்லை. தம்பி அவளிடம் எதுவும் சொல்லவில்லை, அவள்தான் அங்கே இங்கே கேட்ட பேச்சை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். முப்பது வருஷமாக அவரை நீங்க என்று கூப்பிட்டவள்.

“போட்டேன் போட்டேன்னு சொன்னியே. எங்க போட்ட?”

அவர் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி மாதிரி இருந்துச்சு” என்றார்.

“போய்ச் சொல்லு. நாளைக்கே போய்ச் சொல்லு.”

சொல்றேன் என்றார். தம்பி வேண்டாம் என்கிறான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவள் குப்பியைக் கையில் எடுத்தாள். வளையத்தைப் பல்லால் கடித்து உடைத்தாள். அவர் தலைமுடியைப் பிடித்து அண்ணாத்தி, இமையை விரலால் பிரித்து, சொட்டு விட்டாள். இரண்டு சொட்டு போதும். அவள் ஏழெட்டு விட்டாள். கன்னத்தில் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. அதற்குப் பிறகு தினமும் அவள்தான் விட்டாள், பேசாமல். அவர் நாளைக்கே போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை.

இடது கண்ணுக்கு அளவெடுக்கப் போன நாளில் டாக்டரம்மா பட்டையைச் செருகி எடுத்தார். மூன்று கோடு. ஆபரேஷனுக்கு முன்னால் இருந்ததைவிட மோசம். வலது கண்ணின் மேற்பரப்பில் பச்சைச் சாயம் விட்டு விளக்கடித்துப் பார்த்தார். காய்ந்த இடத்தில் எல்லாம் புள்ளி புள்ளியாகச் சாயம் ஒட்டியிருக்கிறது என்றார். சொட்டு மருந்து போட்டீங்களா என்று கேட்டார். பருந்து முதல் தடவையாக உண்மையைச் சொன்னார்.

“ஒரு மாசத்துக்கு மேல விட்டுட்டேன். இப்ப பத்து நாளா போடறேன்.”

டாக்டரம்மா திட்டவில்லை. இடது கண்ணை ஒத்திவைக்கிறேன், ஆறு வாரம், ஆரம்பத்திலிருந்து எல்லாம் என்று எழுதினார். எழுதிக்கொண்டே, என்ன வேலை பாக்கறீங்கன்னு சொன்னீங்க என்று கேட்டார். கிரேன் என்றார். மங்கலா தெரியறப்போ என்ன பண்ணுவீங்க? பருந்துக்கு அந்தக் கேள்வி ஒரு கதவு மாதிரி இருந்தது. இங்கே சொன்னால் ஆலைக்குப் போகாது, சும்மா சொல்லிப் பார்க்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது.

“கண்ணைக் கொட்டிக்குவேன்மா” என்றார்.

நல்லது, அப்படித்தான் செய்யணும் என்றார் டாக்டரம்மா.

கீழே இப்போது வேறொருவன் சங்கிலி மாட்டுகிறான். யாரோ, எவனோ. சைகை சுத்தமாகக் காட்டுவான், கட்டையைக் கம்பியால்தான் தள்ளுவான், அவரைச் சார் என்று கூப்பிடுவான். பருந்து ஒவ்வொரு இறக்குக்கு முன்னும் இரண்டு தடவை இமை கொட்டுகிறார். வேலை மந்தமாகிவிட்டது என்று ஃபோர்மேன் ஒரு தடவை சொன்னார்.

மச்சினன் முற்றத்துக்கு வந்த முதல் நாள், கேபின் கண்ணாடி வழியாக, திறந்த பெரிய கதவுக்கு அப்பால் அவனைப் பார்த்தார். துடைப்பத்தை வலது கையால் பிடித்து, இடது கையின் மூன்று விரலால் தாங்கிக்கொண்டு பெருக்கினான். இரும்புத்தூள் ஓர் ஓரமாகக் குவிந்தது. வலது கண்ணில் சொட்டு விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதனால் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது, அவன் நெற்றி வேர்வை வரைக்கும். சாணை பிடிக்கிறவன் அவனைக் கடந்து போனான். துண்டை ஆட்டவில்லை.

காலை பத்து மணி இருக்கும். உலைச் சத்தத்துக்கு நடுவே விசில் கேட்டது. நீட்டி, வளைத்து, கடைசியில் மேலே ஏற்றி விடுகிற ஊதல். தூணில் பார்த்தார், ஆணி வெறுமனே இருந்தது. முற்றத்தில் மச்சினன் முதுகைக் காட்டிக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தான். மேலே திரும்பிப் பார்க்கவில்லை. பிற்பகலில் இரண்டு தடவை மறுபடியும் ஊதினான், பார்க்காமலே. ஷிஃப்ட் முடிந்து வாசலில் எதிர்ப்பட்டபோது பருந்து, மாப்ள என்றார். அவன், இப்ப கீழ நிக்கறவன் கையும் கைதானே மாமா என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். மறுநாளும் ஊதினான், அதற்கு மறுநாளும்.

ஊதும்போதெல்லாம் பருந்து விசிறியைத் திருப்பிவிட்டு, அண்ணாந்து, சொட்டு விட்டு, கண்ணை மூடி அறுபது வரைக்கும் எண்ணுகிறார். முன்பு அந்த ஒரு நிமிஷம் நிம்மதியாக இருக்கும். இப்போது அந்த அறுபதுக்குள் ஃபோர்மேன் அறைக்குப் போய்விட்டு வருகிறார், கதவைத் தட்டுகிறார், உள்ளே நிற்கிறார், கண்ணைத் திறக்கும்போது கேபினில் இருக்கிறார்.

மச்சினனுக்கு அவர் இரண்டு விரல் கடன். அதோடு ஃபோர்மேனிடம் சொல்ல வேண்டிய ஒரு பேச்சும் கடன்: அவன் முஷ்டிதான் காட்டினான், எனக்குத் தெரியல, நான்தான் இறக்கினேன். முதல் கடனைத் திருப்பித் தர வழியில்லை. இரண்டாவதை அவர் இன்னும் தரவில்லை.